தேய்ந்த கிளட்ச்: பழைய மாருதி 800 ஓட்டுவோருக்கும் பழுதுபார்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

பழைய மாருதி 800 கார்களை இன்றும் ஓட்டிவரும் உரிமையாளர்களுக்கும், அவற்றைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறைத் தொழிலாளர்களுக்கும்,



வயதான மாருதி 800-இல் கிளட்ச் தேய்வது இயல்பு. வீண்செலவு நேர்வது இரண்டு இடங்களில். தேயாத கிளட்சைச் சந்தேகப்பட்டு கியர்பாக்ஸை இறக்குவது ஒன்று. தேய்ந்த பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, அதைத் தேய வைத்த காரணத்தை உள்ளேயே வைத்து மூடுவது இன்னொன்று. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன இந்தக் காரைச் சிறு வருமானத்தில் காப்பாற்றி வருகிறவர்கள் பலர். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க அவர்களால் ஆகாது. ஆகவே சோதனை, கழற்றுதல், பொருத்துதல் என்ற வரிசையில் முழு வேலையும் இங்கே சொல்லப்படுகிறது.

இந்தக் காரில் இருப்பது ஒற்றை பிளேட் கொண்ட உலர் கிளட்ச். கார்புரேட்டர் மாடலின் 796 சி.சி. எஞ்சின் தரும் சுமார் 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுவதும், அந்த ஒரு பிளேட்டின் இரு முகங்களிலும் ரிவெட் அடித்திருக்கும் லைனிங் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே பிளேட் இறுகி நிற்கிறது. அந்த இறுக்கத்தைத் தருவது டயாஃப்ரம் ஸ்பிரிங். பெடலை மிதித்தால் கேபிள் கியர்பாக்ஸின் மேலுள்ள லீவரை இழுக்கிறது. உள்ளே ஃபோர்க், ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளுகிறது. பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்த, பிரஷர் பிளேட் பின்வாங்குகிறது, பிளேட் விடுபடுகிறது.

பெடலை விட்டிருக்கும்போது பேரிங்குக்கும் விரல்களுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். பெடலில் அதுவே ஃப்ரீ பிளே. கேபிள் வகைக் கார்களில் அது பொதுவாக 15 முதல் 30 மி.மீ. வரை, சரியான அளவை அந்தந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கையால் பெடலை மெல்ல அழுத்தி, கனம் தட்டும் இடம்வரை ஸ்கேல் வைத்து அளந்தால் போதும்.

லைனிங் தேயத் தேய இந்த ஃப்ரீ பிளே குறையும் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். பிளேட் மெலிந்தால் பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நெருங்குகிறது. ஸ்பிரிங்கின் வெளி விளிம்பு அதோடு முன்னே போக, உள் விரல்கள் எதிர்ப்பக்கமாகப் பேரிங்கை நோக்கி வருகின்றன. இடைவெளி முழுக்கத் தீர்ந்ததும், யாரும் மிதிக்காமலே பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது ஸ்பிரிங் முழு பலத்தோடு பிடிக்காது. லைனிங் மிச்சம் இருந்தும் கிளட்ச் வழுக்கும். வழுக்கல் சூட்டைக் கிளப்பும். சூடு லைனிங்கை இன்னும் வேகமாகத் தின்னும். அவ்வப்போது ஃப்ரீ பிளே பார்க்காத ஒரே காரணத்தால் ஆயுள் பாதியிலேயே கருகிப்போகும் பிளேட்டுகள் உண்டு.

எனவே சோதனையின் முதல் படி கேபிள் முனையில். கியர்பாக்ஸ் லீவரில் கேபிளைப் பிடித்திருக்கும் அட்ஜஸ்ட் நட்டுக்குப் பின்னால் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பிளேட் தேயும்போது ஃப்ரீ பிளே வைப்பதற்காக நட்டைத் தளர்த்திக்கொண்டே வருவார்கள். அது மரையின் நுனியை நோக்கி நகரும். நட்டு நுனிக்கே வந்துவிட்டது, அப்படியும் ஃப்ரீ பிளே இல்லை என்றால் பிளேட் தீர்ந்துவிட்டது என்பதற்கு அது வலுவான சான்று. மரை நிறைய மிச்சமிருந்து ஃப்ரீ பிளே மட்டும் இல்லை என்றால், நட்டைத் தளர்த்தி அளவு வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

இரண்டாவது படி, இழுவைக் குறைவை வழுக்கலிலிருந்து பிரித்தறிவது. “வண்டி இழுக்கவில்லை” என்ற ஒரே புகாருக்கு அடைத்த ஏர் ஃபில்டர், பழைய ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன் குறைந்த எஞ்சின், பிடித்துக்கொண்ட பிரேக் என எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அவற்றில் எஞ்சினும் வேகமெடுக்காது, வண்டியும் வேகமெடுக்காது. கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் மட்டும் எகிறும், வண்டி பின்தங்கும். பழைய 800-இல் எஞ்சின் வேகம் காட்டும் மீட்டர் கிடையாது என்பதால் இதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். வெறிச்சாலையில் டாப் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், நல்ல கிளட்ச் உள்ள வண்டியில் எஞ்சின் ஒலி ஸ்பீடோ முள்ளோடு சேர்ந்து மெல்ல ஏறும். ஒலி சட்டென்று உயர்ந்து முள் அப்படியே நின்றால் வழுக்கல் உறுதி. சமவெளியில் மறைந்திருக்கும் வழுக்கல் ஏற்றத்தில் வெளிப்படும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர், கிளம்பும் முன்பே இந்தச் சோதனையை முடித்திருக்க வேண்டும். பாதி வளைவில் புகை வந்தபின் செய்யக் கூடியது அதிகமில்லை.

நிற்கும் வண்டியிலும் ஒரு சோதனை உண்டு. முன்னால் இடம் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, இடக்கால் கிளட்சிலும் வலக்கால் பிரேக்கிலும் இருக்க, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்ச் பெடலை மட்டும் விட வேண்டும். நல்ல கிளட்ச் எஞ்சினை உடனே அணைத்துவிடும். எஞ்சின் தொடர்ந்து ஓடினால் வழுக்குகிறது என்று பொருள். இதை ஒரு முறைக்கு மேல் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் லைனிங்கைச் சுடும்.

மூன்றாவது, விடுபடாத கிளட்ச். கியர் கடித்து விழுவதும், ரிவர்ஸ் போடும்போது கரகரப்பதும் இதன் அடையாளம். ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ வளையம் இல்லாததால் சோதனைக்கு அதுவே ஏற்றது. எஞ்சின் ஐடிலில் ஓட, பெடலைத் தரைவரை மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். பொறுத்த பிறகும் கரகரத்தால் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிளேட் தேய்மானம் காரணமாக இருப்பது அரிது. நீண்டுபோன அல்லது இழைகள் பிரிந்த கேபிள், தளர்ந்த பெடல் புஷ், கேபிள் உறையைத் தாங்கும் இடத்தில் விரிசல், லீவர் ஷாஃப்டின் தேய்வு என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பானெட்டைத் திறந்து கேபிள் தாங்கியையும் லீவரையும் கவனித்தால், இழுவை எங்கே வீணாகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மழையில் நனைந்து பல வாரம் ஓடாமல் கிடந்த வண்டியில், துருவால் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் போன்ற வெள்ளங்களில் மூழ்கிக் கிடந்த கார்களில் இதை எதிர்பார்த்தே பெடலை மிதிக்க வேண்டும். இதற்கும் புதுப் பிளேட் தேவையா என்பது ஒட்டு விட்ட பிறகே தெரியும்.

நான்காவது, கிளம்பும்போது உதறல். லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஃப்ளைவீல் சூட்டில் புள்ளி புள்ளியாக இறுகியிருக்கலாம். ஆனால் பழைய 800-இல் ரப்பர் நைந்த எஞ்சின் மவுண்ட்டும் கியர்பாக்ஸ் மவுண்ட்டும் இதே உதறலைத் தரும். மவுண்ட் மாற்றுவது கிளட்ச் மாற்றுவதைவிட மிகச் சிறிய வேலை. வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது எஞ்சின் அளவுக்கு மீறித் துள்ளுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டே கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டும்.

ஐந்தாவது, சத்தம். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது, பெடலை மிதிக்கத் தொடங்கியதும் கிளம்பும் கீச்சொலி ரிலீஸ் பேரிங்கினுடையது. பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்ததும் அடங்கும் நரநரப்பு கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கினுடையது. கிளட்ச் செட் மாற்றினால் அது போகாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கிளட்ச் மாற்றிக் கொடுத்த பட்டறைக்கு, அதே வாடிக்கையாளர் அதே சத்தத்தோடு திரும்பி வருவார்.

பெடல் கனத்துப்போவதும் ஓர் அறிகுறிதான். தேய்ந்த பிளேட்டில் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் கோணம் மாறுவதால் அதை அழுத்தக் கூடுதல் விசை வேண்டியிருக்கும். உறைக்குள் காய்ந்துபோன கேபிளும் இதே கனத்தைத் தரும். லீவர் பக்கம் கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகு வழுக்கல் உறுதியானால், அல்லது உதறலுக்கும் விடுபடாமைக்கும் வெளியே காரணம் கிடைக்காவிட்டால், கியர்பாக்ஸை இறக்குவதே வழி.

இறக்குவதில் முதல் விதி உயிர் சம்பந்தப்பட்டது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அடுக்கிய செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். சமதளத்தில், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்தி, அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். பட்டறையில் பழகும் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இதுதான்.

அடுத்த வேலைகள் ஒழுங்காக வரும். பேட்டரி இணைப்பு கழற்றப்படும். கியர் ஆயில் வடிக்கப்படும். ஆயிலை வடிக்காமல் டிரைவ் ஷாஃப்டை உருவினால் தரை முழுக்க எண்ணெய்தான். கிளட்ச் கேபிள், ஸ்பீடோ கேபிள், எர்த் ஒயர், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ராடுகள் ஒவ்வொன்றாக விடுபடும். பால் ஜாயின்ட்டைப் பிரித்து இரு டிரைவ் ஷாஃப்டுகளும் வெளியே எடுக்கப்படும். எஞ்சினை மேலிருந்து சங்கிலியாலோ கீழிருந்து கட்டை வைத்த ஜாக்கியாலோ தாங்கிய பிறகுதான் கியர்பாக்ஸ் மவுண்ட்டைக் கழற்ற வேண்டும். கடைசியாகக் கியர்பாக்ஸ் நேராகப் பின்வாங்கி, ஷாஃப்ட் பிளேட்டிலிருந்து முழுக்க வெளியே வந்தபின் கீழே இறங்க வேண்டும். பாதியில் அதைத் தொங்கவிட்டால் அதன் முழு எடையும் பிளேட்டின் நடுவில் ஏறும்.

கிளட்ச் வெளியே தெரிந்ததும் காற்றடித்துத் தூசி தட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். பழைய கிளட்ச் லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டிருந்தது. இந்தியாவில் வெள்ளை அஸ்பெஸ்டாஸ் இன்னும் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. பழைய பிளேட் எந்த வகை என்று பார்வையால் சொல்ல முடியாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒரே சுற்றில் முழுக்கக் கழற்றக் கூடாது. எதிரெதிரே உள்ளவற்றை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கவர் கோணலாகும். கையில் வந்த பிளேட்டில் பார்க்க வேண்டியவை தெளிவானவை. லைனிங் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? வெர்னியரின் ஆழக்கோலால் அளந்து 0.5 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் பிளேட்டுக்கு வேலை முடிந்தது. நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் ஆடுகின்றனவா, ஸ்ப்லைன் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா, லைனிங் கண்ணாடிபோல் மினுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும். லைனிங் எல்லா இடத்திலும் சீராகத் தேய்ந்து ரிவெட் தொட்டிருந்தால் அது வயதின் தேய்வு. லைனிங் தடிமனாகவே இருந்து கருகியிருந்தால், ஃப்ரீ பிளே இல்லாத கேபிளோ, பெடல்மேல் கால் வைத்தே ஓட்டும் பழக்கமோ, மேட்டில் பிரேக்குக்குப் பதில் பாதி கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கமோ காரணம். லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால் எந்த எண்ணெய் என்று அறிய வேண்டும். கருத்து, நீர்த்திருந்தால் எஞ்சின் ஆயில்; ஃப்ளைவீலுக்குப் பின்னுள்ள கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் போடும் புதுப் பிளேட் சில மாதங்களில் பழைய பிளேட்டைப் போலவே ஆகும்.

கியர்பாக்ஸ் ஒரு முறை இறங்கிய பிறகு பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரு செட்டாக மாற்றுவதே நியாயமான செலவு. பேரிங் மட்டும் ஆறு மாதம் கழித்துக் கத்தினால், சிறு பொருளுக்காக முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும். கிராங்க் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல்கள், பைலட் பேரிங், கிளட்ச் கேபிள் ஆகியவையும் இதே சமயத்தில் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றப்பட வேண்டியவை. ஆனால் எதையும் உரிமையாளரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. கழற்றிய பொருளை அவர் கையில் கொடுத்து, ஏன் மாற்ற வேண்டும் என்று காட்டுவது பட்டறையின் கடமை. பழைய பொருளையும் புதியதன் பில்லையும் கேட்டு வாங்குவது உரிமையாளரின் உரிமை. போலிப் பொருள் புழங்கும் சந்தையில் பில் இல்லாத செட்டை வாங்குவது ஆபத்து.

ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகள், முடியளவு விரிசல்கள், விரல் நகம் தட்டும் பள்ளங்கள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். லேசான தடங்களை நைசான எமரித் தாளால் சரிசெய்யலாம். அதற்கு மேல் இருந்தால் லேத்துக்குக் கொடுத்து, தேவையான அளவுக்கு மட்டும் முகம் எடுக்க வேண்டும். ஆழமான விரிசல் விழுந்த ஃப்ளைவீலை மறுபடி மாட்டக் கூடாது; அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் கனத்த இரும்பு.

பொருத்தும் வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. புதுப் பிளேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றி வழுக்கிப் போகவில்லை என்றால் அது இந்த வண்டிக்குரியதல்ல. பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் தடவியிருக்கும் எண்ணெயையும் ஃப்ளைவீல் முகத்தையும் சுத்தம் செய்யும் திரவத்தால் முழுக்கத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு லைனிங்கை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. ஸ்ப்லைனில் கிரீஸ் மிக மெல்லிய படலமாக இருந்தால் போதும். அதிகமானால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும்.

பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. நடுவில் ஸ்பிரிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் பிரஷர் பிளேட்டை நோக்க வேண்டும். மாற்றிப் போட்டால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடித்து, கிளட்ச் விடுபடாது. கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதுதான். அடுத்தது பிளேட்டை நடுவில் நிறுத்துவது. இதற்குச் சென்டரிங் கருவி உண்டு. பல பட்டறைகளில் பழைய கியர்பாக்ஸிலிருந்து எடுத்த இன்புட் ஷாஃப்டையே பயன்படுத்துகிறார்கள், அதுவும் சரிதான். ஷாஃப்டைச் செருகி வைத்தபடியே கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவில் முடிக்க வேண்டும். இறுகிய பின் ஷாஃப்ட் லேசாக உருவிக்கொண்டு வந்தால் பிளேட் நடுவில் இருக்கிறது.

புது ரிலீஸ் பேரிங்கை மாட்டும் முன் ஃபோர்க் ஷாஃப்டின் புஷ்களை ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கியர்பாக்ஸை எஞ்சினுக்கு நேராக ஏந்தி, ஷாஃப்ட் பற்கள் சேரும்வரை சற்றே சுற்றி உள்ளே செலுத்த வேண்டும். இரண்டு முகங்களும் கையால் தள்ளியே சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்தால் பிளேட் வளையும், சில வேளை கியர்பாக்ஸ் கூடே வெடிக்கும். சேரவில்லை என்றால் பிளேட் நடுவில் இல்லை. கழற்றிச் சரிசெய்வதே குறுக்குவழி.

மற்றவை கழற்றியதற்கு எதிர்வரிசையில் ஏறும். டிரைவ் ஷாஃப்ட் பூட்டு வளையம் உட்கார்ந்த சத்தம் கேட்க வேண்டும். வெளியே இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. கையேடு சொல்லும் தர கியர் ஆயிலை லெவல் பிளக்கிலிருந்து வழியத் தொடங்கும்வரை ஊற்ற வேண்டும். ஆயில் ஊற்ற மறந்து ஓட்டினால் மொத்தக் கியர்பாக்ஸும் போய்விடும் என்பதால், ஊற்றியதையும் பிளக் இறுகியிருப்பதையும் இரண்டு பேர் பார்ப்பது நல்லது. கடைசியாகக் கேபிள் நட்டில் ஃப்ரீ பிளே வைத்து, பெடலைச் சில முறை மிதித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

வண்டி தரையில் இறங்கியதும் முதலில் செய்த சோதனைகளை அதே வரிசையில் திரும்பச் செய்ய வேண்டும்: ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறதா, உதறலின்றிக் கிளம்புகிறதா, டாப் கியரில் எஞ்சின் ஒலியும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றனவா. உரிமையாளர் உடனிருக்க இதைச் செய்து காட்டினால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது. முதல் சில நூறு கிலோமீட்டர் லைனிங் படிந்து உட்காரும் காலம்; அதுவரை பாரம் ஏற்றுவதையும் மலையேற்றத்தையும் தவிர்க்க வேண்டும். படிந்த பிறகு ஃப்ரீ பிளே சற்று மாறியிருக்கும். ஒரு முறை திரும்ப வைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சர்வீஸிலும் அதை அளப்பது அடுத்த செட்டை முழு ஆயுளுக்கும் ஓட வைக்கும்.

அக்கறையுடன்,
பழைய கார்கள் நல்லபடி ஓட விரும்பும் ஒருவர்